கண்ணாடியைக் களையுமுன் கண்ணழுத்தத்தை அறிவோம்

பொழுது புலருமுன் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குச் செல்லும் பால்மரத் தொழிலாளருக்குக் கண்ணே முதற் கருவியாகும். வெட்டுக்கத்தி அதற்கு அடுத்ததே. பட்டையை எவ்வளவு ஆழம் சீவுவது, எங்கே கத்தியை நிறுத்துவது என்பதைக் கண் சொல்ல, கை செய்கிறது. ஆகவே, பார்வை மங்கிய தொழிலாளர்கள் மூக்குக் கண்ணாடியின் துணையை நாடுகின்றனர். ஆனால் தோட்ட வேலையில் கண்ணாடி அணிவது எளிதன்று. வியர்வையில் அது நழுவும். விடியற்காலைப் பனியில் மங்கும். மழைத்துளி விழுந்தால் பாதை தெரியாது. "இக்கண்ணாடியை ஒரேயடியாக விட்டொழிக்க வழியில்லையா?" என்று இளைஞர் பலர் கேட்பது இயல்பே.

வழி உண்டு. லேசர் ஒளியால் கருவிழிப்படலத்தைச் சீர்செய்து பார்வைக் குறையைப் போக்கும் சிகிச்சை நம் நாட்டில் பல ஆண்டுகளாக நடைபெற்று வருகிறது. ஆயினும் இச்சிகிச்சையை நாடுவோருள் சிலருக்குச் சோதனையின்போது, "உங்கள் கண்ணில் அழுத்தம் சற்றுக் கூடுதலாக உள்ளது" என்று கூறப்படுகிறது. அத்தகையோர் லேசர் சிகிச்சை செய்துகொள்ளலாமா? செய்துகொண்டால் என்ன நேரும்? தோட்டப்புற மக்கள் அறிந்திருக்க வேண்டிய இச்செய்திகளை இங்கு விளக்க விரும்புகிறோம்.

சென்னையில் பிறந்தவரின் பங்கு

கண்ணுக்குச் செய்யப்படும் இந்த லேசர் சிகிச்சையின் தொடக்கத்தில் தமிழகத்தில் பிறந்த அறிஞர் ஒருவரின் உழைப்பு உள்ளது என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி. ரங்கசாமி ஸ்ரீநிவாசன் 1929-ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்று, மேற்படிப்புக்காக அமெரிக்கா சென்றார். பின்னர் அங்குள்ள ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றினார்.

1981-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அமெரிக்கர்கள் நன்றி நவிலும் திருநாளைக் கொண்டாடினர். அத்திருநாள் விருந்தில் எஞ்சிய வான்கோழித் துண்டை ஸ்ரீநிவாசன் மறுநாள் ஆராய்ச்சிக் கூடத்திற்கு எடுத்துச் சென்று, அதன்மீது எக்சைமர் லேசர் என்னும் புறஊதாக் கதிரைச் செலுத்திப் பார்த்தார். கதிர் பட்ட இடத்தில் கருகலோ தீய்ந்த தழும்போ இல்லை. உளியால் செதுக்கியதுபோல் சுத்தமான பள்ளம் மட்டுமே இருந்தது. உயிர்த்தசையைச் சுடாமல் சீவி எடுக்க முடியும் என்பது அதனால் புலப்பட்டது. ஜேம்ஸ் வின், சாமுவேல் புளும் ஆகிய இருவரும் இவ்வாராய்ச்சியில் அவருடன் இணைந்து உழைத்தவர்கள். 1983-இல் ஸ்டீபன் டிரோக்கல் என்னும் கண் மருத்துவர் ஸ்ரீநிவாசனுடன் சேர்ந்து, கருவிழிப்படலத்தை இக்கதிரால் செதுக்கலாம் என்று எடுத்துக்காட்டினார். 1995-இல் அமெரிக்க அரசாங்கம் இச்சிகிச்சைக் கருவிக்கு அனுமதி வழங்கியது. ஐ.பி.எம். அறிஞர் மூவருக்கும் அந்நாட்டின் உயரிய தொழில்நுட்ப விருது 2013-இல் வழங்கப்பட்டது.

கண்ணில் நடப்பது என்ன?

கடிகாரத்தின் முகப்பில் கண்ணாடி மூடியிருப்பதுபோல், கண்ணின் முன்புறத்தில் தெளிந்த படலம் ஒன்று வளைந்து மூடியுள்ளது. இதுவே கருவிழிப்படலம். இதன் நடுப்பகுதியின் கனம் சராசரியாக 540 மைக்ரோன், அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். வெளியிலிருந்து வரும் ஒளியை வளைத்து உள்ளே அனுப்புவதில் இதற்கே பெரும் பங்கு உண்டு. ஒளி விழித்திரைக்கு முன்பாகவே குவிந்துவிட்டால் தொலைவில் உள்ளவை மங்கலாகத் தெரியும். இதனைக் கிட்டப்பார்வை என்கிறோம். லேசர் கதிரால் படலத்தின் நடுப்பகுதியைச் சற்றே சீவி, அதன் வளைவைக் குறைத்தால் ஒளி சரியான இடத்தில் குவியும்.

இதைச் செய்யும் முறைகளுள் இரண்டு மிகவும் அறியப்பட்டவை. முதலாவது பி.ஆர்.கே. எனப்படும். படலத்தின் மேல்தோலை நீக்கிவிட்டு, அதன் கீழே லேசர் செலுத்தப்படுகிறது. மேல்தோல் சில நாள்களில் மீண்டும் வளர்ந்துவிடும். அதுவரை வலியும் கூச்சமும் இருக்கும். இரண்டாவது லாசிக். இதில் படலத்தின் மேற்பகுதியை மெல்லிய மடல்போல் அறுத்து ஒருபுறம் திருப்பி, அடியில் லேசர் செலுத்தி, மடலை மீண்டும் மூடிவிடுவர். வலி குறைவு, பார்வையும் விரைவில் தெளியும்.

நம் தொழிலாளர் அறிந்த உவமை ஒன்றால் இதனை விளக்கலாம். பால்மரத்தின் பட்டையைச் சீவும்போது தொழிலாளர் உட்புற மரத்தில் காயம் படாமல் ஓர் அளவோடு நிறுத்திக்கொள்கிறார். டாக்டரும் அவ்வாறே படலத்தின் அடிப்பகுதியில் போதிய கனத்தை மிச்சம் வைக்க வேண்டும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. சீவிய மரப்பட்டை சில ஆண்டுகளில் புதிதாக வளர்ந்து, மறுபடியும் வெட்டுக்கு வரும். சீவிய கருவிழிப்படலத்தின் உட்பகுதியோ மீண்டும் வளர்வதில்லை.

கண்ணழுத்தம்

கண் ஒரு பந்து போன்றது. அதன் உருவம் குலையாதிருக்க உள்ளே ஓர் அழுத்தம் வேண்டும். கண்ணின் முன்பகுதியில் தெளிந்த நீர் இடைவிடாது சுரக்கிறது. சுரந்த அளவுக்கு நுண்ணிய வடிகால் வழியே வெளியேறுகிறது. வடிகாலில் தடை ஏற்பட்டால், வாய்க்கால் அடைத்த வயலில் நீர் தேங்குவதுபோல் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். இது இரத்த அழுத்தத்தினின்று வேறானது. இரத்த அழுத்தம் சரியாக உள்ளவருக்கும் கண்ணழுத்தம் கூடுதலாக இருக்கலாம்.

இவ்வழுத்தத்தைப் பாதரச மில்லிமீட்டர் கணக்கில் அளக்கின்றனர். பொதுவாக 10 முதல் 21 வரை இயல்பான அளவாகக் கொள்ளப்படுகிறது. அதற்கு மேலிருந்தால் மிகுந்த அழுத்தம் என்பர்.

கண்ணின் பின்புறத்திலிருந்து மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பில் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட நுண்ணிழைகள் உள்ளன. மிகுந்த அழுத்தம் நீடித்தால் இவ்விழைகள் சிறிது சிறிதாக மடியக்கூடும். இந்நோயே கிளைகோமா எனப்படுகிறது. இதன் பெரும்பான்மை வகையில் வலி இல்லை, சிவப்பு இல்லை. ஓரப் பார்வை முதலில் குறைகிறது. நேர்ப்பார்வை நெடுங்காலம் தெளிவாகவே இருப்பதால் நோயாளி உணர்வதில்லை. மடிந்த நரம்பிழையை உயிர்ப்பிக்க மருந்தும் இல்லை, லேசரும் இல்லை. கண்புரையை நீக்கினால் பார்வை திரும்பும். கிளைகோமா கொண்டுபோன பார்வை திரும்பாது.

எனினும், அழுத்தம் மிகுந்தவர் எல்லோரும் கிளைகோமா நோயாளிகள் அல்லர். அழுத்தம் கூடுதலாகவும் நரம்பு நலமாகவும் உள்ளோர் பலர் உள்ளனர். அத்தகையோர் 1,600-க்கு மேற்பட்டோரைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2002-இல் வெளிவந்தது. ஐந்தாண்டுக் காலத்தில், சொட்டு மருந்து இடாதவர்களுள் நூற்றுக்கு 9.5 பேருக்குக் கிளைகோமா தோன்றியது. மருந்து இட்டவர்களுள் நூற்றுக்கு 4.4 பேருக்கே தோன்றியது. அழுத்தத்தைக் குறைப்பதால் ஆபத்து பாதிக்கு மேல் குறைகிறது என்பது இதனால் தெளிவாகிறது. கருவிழிப்படலம் மெல்லியதாக உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்பதையும் அவ்வாய்வு உணர்த்திற்று.

லேசருக்கும் அழுத்தத்திற்கும் உள்ள நான்கு தொடர்புகள்

அழுத்தம் மிகுந்த ஒருவர் லேசர் சிகிச்சையை எண்ணும்போது நான்கு செய்திகளை மனத்திற் கொள்ள வேண்டும்.

முதலாவது, அளவு மெய்யானதா என்பது. படலத்தின் மேல் மெல்ல அழுத்தியே கண்ணழுத்தம் அளக்கப்படுகிறது. சைக்கிள் டயர் தடிப்பாயிருந்தால், உள்ளே காற்று அளவோடு இருந்தாலும் விரலுக்குக் கடினமாகத் தோன்றும். டயர் மெலிந்திருந்தால், காற்று மிகுந்திருந்தாலும் இளகித் தோன்றும். கருவிழிப்படலமும் அத்தகையதே. தடித்த படலத்தில் அழுத்தம் உள்ளதைவிடக் கூடுதலாகவும், மெல்லிய படலத்தில் குறைவாகவும் அளவிடப்படும். ஆகவே 24 என்ற ஓர் அளவை மட்டும் கொண்டு முடிவு கூற இயலாது. 600 மைக்ரோன் கனமுள்ள படலத்தில் 24 என்பது அவ்வளவாக அஞ்சத்தக்கதன்று. 500 மைக்ரோன் படலத்தில் அதே 24 கவலைக்குரியது. மேலும், அழுத்தம் காலையிலும் மாலையிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. மூக்குக் கண்ணாடிக் கடையில் காற்றை ஊதி எடுக்கும் அளவு ஓர் எச்சரிக்கையே. டாக்டர் வெவ்வேறு வேளைகளில் அளந்து பார்த்தே உறுதி செய்வார்.

இரண்டாவது, சிகிச்சையின்போது ஏறும் அழுத்தம். லாசிக் முறையில் மடலை அறுப்பதற்காகக் கண் அசையாதபடி உறிஞ்சு வளையம் ஒன்றைப் பொருத்துகின்றனர். அப்போது கண்ணழுத்தம் சிறிது நேரத்திற்கு 65-ஐயும் தாண்டி உயரும். நலமான நரம்பு இதைத் தாங்கிக்கொள்ளும். முன்னரே நைந்துபோன நரம்புக்கு அச்சிறு நேரமும் சோதனையாகலாம் என்பதால் டாக்டர்கள் தயங்குகின்றனர். பி.ஆர்.கே. முறையில் இவ்வளையம் பயன்படுவதில்லை.

மூன்றாவது, சிகிச்சைக்குப் பின் இடும் மருந்து. புண் ஆறவும் படலம் வெண்மையடையாதிருக்கவும் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து தரப்படுகிறது. லாசிக் செய்தவருக்கு இது சில நாள்களுக்கே தேவை, பி.ஆர்.கே. செய்தவருக்குப் பல வாரங்கள் தேவைப்படலாம். இம்மருந்து சிலருக்குக் கண்ணழுத்தத்தை ஏற்றும். ஏறத்தாழ மூவருள் ஒருவருக்கு ஓரளவும், நூற்றுக்கு ஐந்து பேருக்கு மிகுதியாகவும் அழுத்தம் ஏறுவதாகக் கண்டறிந்துள்ளனர். முன்பே அழுத்தம் மிகுந்தவர்களும், பெற்றோர் அல்லது உடன்பிறந்தோர் கிளைகோமாவால் பாதிக்கப்பட்டவர்களும் இவ்வாறு ஏறும் கூட்டத்தில் சேர வாய்ப்பு அதிகம். ஆகவே உறிஞ்சு வளையத்தைத் தவிர்க்க பி.ஆர்.கே. முறையைத் தேர்ந்தாலும், மருந்துக் காலத்தில் அழுத்தத்தை அடிக்கடி அளப்பது இன்றியமையாதது.

நான்காவதே பலரும் அறியாதது. நாம் மிகவும் வற்புறுத்த விரும்புவதும் இதுவே. லேசர் செய்தபின் படலம் மெல்லியதாகிவிடுகிறது. எனவே அதன்பின் எடுக்கும் அழுத்த அளவு மெய்யான அளவைவிடச் சில எண்கள் குறைந்தே காட்டும். உண்மையில் 24 உள்ள கண் 19 அல்லது 20 என்று காட்டக்கூடும். "அழுத்தம் இறங்கிவிட்டது, லேசரால் இதுவும் குணமாயிற்று" என்று மகிழ்ந்து சோதனையை நிறுத்திவிட்டால், நோய் மறைவில் வளரும். பத்தாண்டுகள் கழித்து வேறு ஓர் ஊரில் வேறு ஒரு டாக்டர் அளக்கும்போது, முன்பு லேசர் நடந்த செய்தியை அவரிடம் கூறாவிட்டால் அவரும் ஏமாற நேரும்.

இன்னொன்றையும் இங்குச் சேர்த்துக் கூற வேண்டும். கிட்டப்பார்வை உள்ள கண் பெரும்பாலும் இயல்பைவிட நீண்டிருக்கும். அத்தகைய கண்ணுக்குக் கிளைகோமா தோன்றும் வாய்ப்பு மற்றக் கண்களைவிடக் கூடுதல். லேசர் கண்ணின் முன்புறத்தை மட்டுமே திருத்துகிறது. கண்ணின் நீளம் மாறுவதில்லை. கண்ணாடி போய்விட்டாலும் கிட்டப்பார்வைக்காரர் என்ற நிலையில் உள்ள ஆபத்து போய்விடாது.

படலத்தின் கணக்கு

லாசிக் செய்யத் தகுமா என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. கண்ணாடியின் ஒவ்வோர் எண் வலிமைக்கும் லேசர் ஏறத்தாழ 15 மைக்ரோன் சீவும். மடலுக்கு 110 மைக்ரோன் போகும். அடியில் குறைந்தது 250 மைக்ரோன் மிஞ்ச வேண்டும். அதற்கு மேல் மிஞ்சுவதே நலம். ஒருவரின் படலம் 540 மைக்ரோன், கண்ணாடி வலிமை 5 என்று கொள்வோம். மடலுக்கு 110, சீவலுக்கு 75 போக 355 மிஞ்சும். இன்னொருவரின் படலம் 490, வலிமை 8 என்றால், 110-உம் 120-உம் போக 260-தான் மிஞ்சும். இது விளிம்பில் நிற்கும் அளவு. அவருக்கே அழுத்தமும் மிகுந்திருந்தால், மெலிந்த படலம் உள்ளிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருக்கும். அழுத்தத்தைச் சரியாக அளப்பதும் மேலும் கடினமாகும். "எனக்கு எவ்வளவு மிஞ்சும்?" என்று டாக்டரிடம் கேட்பது நோயாளியின் உரிமை.

தோட்ட வேலையும் லேசர் கண்ணும்

நம் தொழிலுக்கே உரிய செய்திகளும் சில உள்ளன. லேசர் செய்துகொண்டோர் சிலருக்கு இருளில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரியும். ஒளி சிதறிக் கண் கூசும். பலருக்குச் சில மாதங்களில் இது குறையும், சிலருக்கு நீடிக்கும். தலைவிளக்கின் வெளிச்சத்தில் வேலை செய்பவர் இதை முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும்.

லாசிக் மடல் ஆறினாலும் பழைய உறுதியை முழுமையாகப் பெறுவதில்லை. கண்ணில் பலத்த அடிபட்டால் பல ஆண்டுகளுக்குப் பின்னும் மடல் பெயர்ந்ததுண்டு. புதரில் கிளை அடிக்கக்கூடிய வேலை, பந்து விளையாட்டு, தற்காப்புக் கலை ஆகியவற்றில் ஈடுபடுவோர் இதை டாக்டரிடம் கூறுதல் நன்று. மூக்குக் கண்ணாடி பார்வைக்கு உதவுவதோடு, பட்டைத் துணுக்கும் பாலும் கண்ணில் தெறிக்காமல் ஓரளவு காக்கிறது. அதைக் களைந்தவர் காப்புக் கண்ணாடி அணிய வேண்டும். பால் கெடாதிருக்கச் சேர்க்கும் அம்மோனியாவையும், பாலை உறையவைக்கும் அமிலத்தையும் கையாள்வோருக்கு இது கட்டாயம். அவை கண்ணில் பட்டால் உடனே சுத்தமான நீரால் நெடுநேரம் கழுவி, மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

நாற்பது வயதைத் தாண்டியோர்க்கு மற்றொரு செய்தி. அவ்வயதில் கிட்டத்தில் உள்ளதைப் படிக்கக் கண்ணாடி தேவைப்படுவது இயற்கை. தொலைப் பார்வைக்காக லேசர் செய்தாலும் நாளிதழ் படிக்கக் கண்ணாடி வேண்டியிருக்கும்.

லேசர் என்ற சொல்லால் மயங்க வேண்டா

கண்ணுக்குச் செய்யும் லேசர் ஒன்றன்று. நீரிழிவால் விழித்திரை கெடும்போது செய்வது ஒரு லேசர். கண்ணழுத்தத்தைக் குறைக்க வடிகாலில் செய்வது இன்னொரு லேசர். கண்ணாடியைக் களையச் செய்வது வேறொன்று. முன்னிரண்டும் பார்வையைக் காக்கும் சிகிச்சைகள். டாக்டர் சொன்னால் தள்ளிப்போடலாகாது. மூன்றாவது வசதிக்காகச் செய்வது. ஓராண்டு காத்திருந்தாலும் எந்தக் கேடும் இல்லை. "பக்கத்து வீட்டுக்காரர் லேசர் செய்துகொண்டு நலமாக இருக்கிறார்" என்று கேள்விப்படும்போது, அவர் செய்துகொண்டது எந்த லேசர் என்பதை முதலில் விசாரித்தறிய வேண்டும்.

செய்ய வேண்டியவை

புக்கிட் தெங்கா வட்டாரத்து இளைஞர் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தோட்டத்தில் வளர்ந்த அவருக்கு வயது 26. கண்ணாடி வலிமை 4. கண்ணாடிக் கடையில் அழுத்தம் 24 என்றார்கள். அவர் முதலில் செல்ல வேண்டிய இடம் அரசாங்கச் சுகாதார நிலையம். அங்கிருந்து கடிதம் பெற்று, பினாங்கு மருத்துவமனை போன்ற கண் பிரிவு உள்ள அரசாங்க மருத்துவமனைக்குச் செல்லலாம். அங்கே அவருக்குத் தேவைப்படும் சோதனைகள் ஐந்து: அழுத்தத்தை வெவ்வேறு வேளைகளில் அளத்தல், படலத்தின் கனத்தை அளத்தல், நீர் வடியும் கோணத்தைப் பார்த்தல், கண்மணியை விரித்து நரம்பைப் பார்த்தல், ஓரப் பார்வையைச் சோதித்தல். இவற்றுள் எதுவும் கத்தி வைக்கும் சோதனை அன்று.

முடிவு மூன்று வகையாக அமையலாம். படலம் தடித்ததால் அளவு கூடுதலாகக் காட்டிற்று, நரம்பு நலமாக உள்ளது என்றால் லேசர் பற்றி மேற்கொண்டு பேசலாம். அழுத்தம் மெய்யாகவே மிகுதி, ஆனால் நரம்பு நலம் என்றால், சொட்டு மருந்தோ கண்காணிப்போ தொடங்கி, கிளைகோமா நிபுணரின் ஒப்புதலைப் பெற்றபின்னரே லேசரை எண்ண வேண்டும். நரம்பு கெடத் தொடங்கிவிட்டது என்றால், கண்ணாடியோடு வாழ்வதே பெரும்பாலும் தரப்படும் அறிவுரை. மூன்றாம் நிலையிலுள்ளவர் மனம் சோர வேண்டுவதில்லை. லேசரை நாடிச் சென்றதால் அவருடைய நோய் உரிய காலத்தில் வெளிப்பட்டது. எஞ்சிய பார்வையை மருந்தால் காக்க முடியும்.

லேசர் செய்வதென்று முடிவானால், அதற்கு முன்பு எடுத்த அழுத்த அளவு, படலத்தின் கனம், கண்ணாடி வலிமை, நரம்பின் படம் ஆகியவற்றின் நகலைக் கேட்டு வாங்கிப் பிறப்புப் பத்திரத்தோடு சேர்த்துப் பத்திரப்படுத்த வேண்டும். பின்னாளில் எந்த டாக்டரிடம் சென்றாலும் அதைக் காட்ட வேண்டும். சொட்டு மருந்தை டாக்டர் குறித்த நாளுக்கு மேல் இடுவதும், மீந்ததை வீட்டிலுள்ள மற்றவர் கண் சிவந்தால் இடுவதும் கூடவே கூடாது. ஸ்டீராய்டு இரகசியமாகக் கலக்கப்பட்ட நாட்டு மருந்துகள் குறித்துச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்துள்ளது. அத்தகைய மருந்துகளும் கண்ணழுத்தத்தை ஏற்றவல்லவை.

குடும்பத்தில் ஒருவருக்குக் கிளைகோமா இருப்பின், பெற்றோரும் உடன்பிறந்தோரும் பிள்ளைகளும் லேசரை எண்ணாவிட்டாலும் கண்ணழுத்தத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும். சோதனைக்கு ஒரு நாள் வேலை போகும் என்று தயங்குவோர் உண்டு. விடுப்பு நாளை முன்கூட்டியே தோட்ட அலுவலகத்தில் கூறி ஏற்பாடு செய்துகொண்டு, குடும்பத்தோடு சென்று வருமாறு தோட்டப்புற மக்களைக் கேட்டுக்கொள்கிறோம். கண்மணியை விரிக்கும் மருந்து இட்டபின் சில மணி நேரம் பார்வை கூசும்; ஆகவே மோட்டார் சைக்கிள் ஓட்டாமல், துணைக்கு ஒருவரை உடன் அழைத்துச் செல்வது நன்று.